அண்ணனின் பக்கவாதமும் ரிஹேப் டாக்டரும்: சிங்கப்பூரில் எப்போது, எங்கே, எப்படிக் கேட்பது

பக்கவாதம் வந்தவரைப் பிழைக்க வைக்கும் மருத்துவர் ஒருவர். பிழைத்தவரை எழுந்து நடக்கவும், தன் கையால் சாப்பிடவும், வேலைக்குத் திரும்பவும் வைப்பதற்கென்றே படித்த மருத்துவர் இன்னொருவர். இரண்டாவதாகச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார் என்பதே எங்கள் குடும்பத்துக்குப் பல மாதம் தெரியாது. கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த என் அண்ணனுக்கு 47 வயதில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னது, "தெரபி செய்யச் செய்ய சரியாயிடும்" என்பதுதான். செய்தோம். கால் ஓரளவு வந்தது. கை மட்டும் நாளாக ஆக மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே போனது. அந்தக் கையை எந்த மருத்துவரிடம் காட்டுவது என்று தெரியாமல் போன காசும் காலமும் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இவர் யார் என்று பார்த்துவிடலாம். வெளிநாட்டு இணையத்தளங்களில் வேறு பெயர்களில் இருக்கலாம், சிங்கப்பூரில் இந்தத் துறையை 'ரிஹேபிலிடேஷன் மெடிசின்' என்ற பெயரில்தான் தேட வேண்டும். எம்பிபிஎஸ் முடித்து, இதில் தனியாகச் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இவர்கள். நரம்பியல் மருத்துவர் பக்கவாதம் ஏன் வந்தது, அடுத்தது வராமல் எப்படித் தடுப்பது என்று பார்ப்பார். ரிஹேப் மருத்துவர் மிச்சமிருக்கும் தெம்பை வைத்து என்ன செய்யலாம், எது வழிமறிக்கிறது, அதை எப்படி விலக்குவது என்று பார்ப்பார். தசை இறுக்கம், தோள்பட்டை வலி, சிறுநீர் அடக்க முடியாமை, மலச்சிக்கல், படுக்கைப் புண், விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு எல்லாம் இவர் கணக்கில் வரும். பக்கவாதம் மட்டுமில்லை, முதுகுத்தண்டுக் காயம், தலைக்காயம், கால் துண்டித்தவர்கள் எல்லாருக்கும் இவர்தான். ஃபிசியோவும், ஓடியும் (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களைப் பழக்கும் சிகிச்சையாளர்), பேச்சு சிகிச்சையாளரும் அன்றாடப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்களால் மருந்து எழுதவோ, இறுகிய தசைக்கு ஊசி போடவோ முடியாது. ஃபிசியோ நன்றாகப் போகிறதே, மருத்துவர் எதற்கு என்று பலரும் விட்டுவிடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

இவரைக் கேட்க வேண்டிய நேரம், நோயாளி இன்னும் பெரிய மருத்துவமனையின் வார்டில் இருக்கும்போதே. இங்கே மருத்துவமனைகளில் ஒரு துறை இன்னொரு துறையின் கருத்தைக் கேட்டு எழுதுவதை 'புளூ லெட்டர்' என்பார்கள். காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது பக்கத்தில் நின்று, "ரிஹேப் மெடிசினுக்கு புளூ லெட்டர் போட்டாச்சா டாக்டர்? போடலைன்னா போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். உங்களால் காலையில் போக முடியாதென்றால் வார்டில் இருக்கும் மிஸியிடம் (தாதியிடம்) சொல்லி, குடும்பத்தார் கேட்டார்கள் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். வார்டில் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து பார்த்துவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு அதே மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும்.

அவர் வந்து பார்க்கும்போது குடும்பத்திலிருந்து ஒருவராவது பக்கத்தில் இருக்கப் பாருங்கள். நோயாளி விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமான கேள்வி. மாடி ஏறினாரா, தானே குளித்தாரா, வேலைக்குப் போனாரா, வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், குளியலறை வாசலில் படி இருக்கிறதா, மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்குமா. இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் வயதையும் ஸ்கேனையும் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். வீட்டு வாசல், கழிவறை, படுக்கை மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். ஓடிக்கும் அதே படங்கள் வேண்டியிருக்கும்.

அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்பதில் இரண்டு வழி. சில பெரிய மருத்துவமனைகளில் ரிஹேப் மருத்துவர்களே நடத்தும் தனி வார்டு இருக்கும். சிக்கலான நிலையில் இருப்பவர்களையும், தீவிரப் பயிற்சியைத் தாங்கக்கூடியவர்களையும் அங்கே எடுப்பார்கள். மற்றவர்கள் சமூக மருத்துவமனைக்குப் போவார்கள். அங் மோ கியோ தை ஹுவா குவான், செயின்ட் லூக்ஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ், ரென் சி, ஈசூன், ஜூரோங், செங்காங், ஊட்ரம் என்று தீவு முழுக்க இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்ப்பது நல்லதுதான், தினமும் போய்ப் பார்க்க முடியும். ஆனால் அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "அங்கே ரிஹேப் மெடிசின் டாக்டர் வந்து பார்ப்பாரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை?" சமூக மருத்துவமனையில் அன்றாடம் பார்ப்பவர் பெரும்பாலும் குடும்ப மருத்துவராகவோ முதியோர் மருத்துவராகவோ இருப்பார். திறமையானவர்கள்தான். ஆனால் தசை இறுக்கம் போன்ற விஷயத்தில் ரிஹேப் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாலும் பெரிய வித்தியாசம் இருக்கும். எங்கள் விஷயத்தில் அப்படி யாரும் பார்க்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. அண்ணன் அங்கிருந்த கடைசி வாரத்தில்தான் விரல்கள் மடங்கத் தொடங்கின. டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பேச்சுக்கிடையில் 'எம்பிஐ' என்று ஒரு எண் சொல்வார்கள். குளிப்பது, உடுத்துவது, நடப்பது, படி ஏறுவது என்று பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு 100க்கு இவ்வளவு என்று கணக்கிடுவது. சேர்ந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் சில நாள் வைத்திருக்கக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. ஏறாமல் நின்றுவிட்டால், ஏன் நின்றது, மருத்துவக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இனி பணம். எங்களுக்குப் பெரிய அடி விழுந்த இடம் இது. அண்ணன் கம்பெனிக் காப்புறுதி இருந்ததால் பி1 வார்டில் சேர்த்தோம். படுக்கைச் செலவு காப்புறுதியில் போய்விட்டது. ஆனால் ஏ, பி1 வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அடுத்தடுத்த வெளிநோயாளிச் சந்திப்புகள் தனியார் கட்டணத்தில்தான் வரும். பி2, சி வார்டிலிருந்து போகிறவர்களுக்கு மானியக் கட்டணம். சேர்க்கும் அவசரத்தில் இதை யாரும் விளக்குவதில்லை. பக்கவாதத்தில் வார்டுச் செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும், வெளிநோயாளிச் செலவு வருடக்கணக்கில் ஓடும். கம்பெனிக் காப்புறுதியோ வேலையோடு சேர்ந்து போய்விடும். வார்டு வகுப்பைத் தேர்வு செய்யும்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே தனியார் கட்டணத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்து மானியத்துக்கு மாற்றக் கேட்கலாம். குடும்ப வருமானம் பார்த்து முடிவு செய்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்கே வரும் ஃபிசியோ ஒரு தடவைக்கு 130 வெள்ளி. இணையத்தில் வாங்கிய கை மசாஜ் கருவி, மின்தூண்டல் பட்டை, விரல் விரிக்கும் காற்றுக் கையுறை. எண்ணெய் தேய்த்து விரல்களை இழுத்து நிமிர்த்தியவர் ஒருவர். கதவில் மாட்டும் கப்பி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,000 வெள்ளி. அண்ணி இரண்டு வளையலை அடகு வைத்தார். ராத்திரியில் தோள் வலியில் அண்ணன் அழும்போது, பேச்சு வராததால் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் பட்ட வலியில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியது என்று பிறகு தெரிந்தது.

தோளைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். இந்த நிலையில் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவது, கையைப் பிடித்து எழுப்புவது, சட்டை போடும்போது கையை இழுப்பது எல்லாம் மூட்டைக் காயப்படுத்தும். எழுப்பும்போது இடுப்பில் பட்டை கட்டி அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். சட்டையை முடியாத கைக்கு முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் விட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்கக் கூடாது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் கை இருக்க வேண்டும். தலைக்கு மேலே கப்பி மாட்டி நல்ல கையால் முடியாத கையை இழுத்துத் தூக்கும் பயிற்சி பக்கவாதத் தோளுக்குக் கூடாது. தோள் வலியை வரவழைக்கும் என்று ரிஹேப் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம் அது. புறங்கை வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர், இரத்த அழுத்த மருந்து வாங்கப் போன பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) மருத்துவர். அண்ணனின் கையைப் பார்த்ததும், "இதுக்கு ரிஹேப்ல யாரைப் பாக்குறீங்க?" என்றார். யாரையும் பார்க்கவில்லை என்றதும் அப்போதே பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகம்தான் நேர்வழி. சாஸ் என்ற சமூக சுகாதார உதவித் திட்ட அட்டை உள்ளவர்களுக்கு சாஸ் மருந்தகம் கொடுக்கும் கடிதமும் செல்லும். இதில் ஒரு நிபந்தனை உண்டு: மானிய நோயாளி குறிப்பிட்ட மருத்துவரின் பெயரைச் சொல்லிக் கேட்க முடியாது, துறையில் யார் இருக்கிறாரோ அவர் பார்ப்பார். பெயர் சொல்லிக் கேட்டால் தனியார் கட்டணம் ஆகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் நீளும் சிகிச்சை என்பதால் மானிய வழியில் போவதே மேல் என்பது என் கருத்து.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தேதி கிடைக்கும். 'பக்கவாதம், தொடர் சிகிச்சைக்கு' என்று மட்டும் இருந்தால் சாதாரண வரிசையில் போகும். தசை இறுக்கம் கூடிக்கொண்டே போகிறது, உள்ளங்கையைக் கழுவ முடியவில்லை, நகம் தோலில் பதிகிறது, தோள் வலியால் தூக்கமில்லை, வேலைக்குத் திரும்ப வேண்டிய வயது என்று நிலைமையை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேதி தள்ளிக் கிடைத்தால், யாராவது ரத்து செய்தால் அழைக்கும்படி பெயர் கொடுத்து வையுங்கள். ஹெல்த்ஹப் செயலியிலும் முந்தைய தேதி இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

ரிஹேப் மெடிசின் துறை சிங்கப்பூர் பொது மருத்துவமனை, டான் டோக் செங், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சாங்கி பொது மருத்துவமனை, செங்காங் பொது மருத்துவமனை ஆகியவற்றில் உண்டு. டான் டோக் செங்கின் ரிஹேப் நிலையம் பல ஆண்டு அங் மோ கியோவில் இருந்தது. பழைய தாளில் உள்ள முகவரியை நம்பி அங்கே போய் நிற்காமல், அப்பாயின்ட்மென்ட் குறுஞ்செய்தியில் உள்ள இடத்தைப் பாருங்கள். தனியாரிடம் போகிறவர்கள் முதலில் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். சிறப்புத் துறை என்ற இடத்தில் ரிஹேபிலிடேஷன் மெடிசின் என்று இருந்தால்தான் அவர் இந்தத் துறை நிபுணர். 'ரிஹேப் சென்டர்' என்று பலகை வைத்த பல இடங்களில் தெரபிஸ்ட்டுகள் மட்டும்தான் இருப்பார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை, நீங்கள் தேடுவது மருத்துவரை என்றால் அங்கே கிடைக்கமாட்டார், அவ்வளவுதான்.

முதல் சந்திப்புக்கு டிஸ்சார்ஜ் தாள், மருந்துப் பட்டியல், தெரபிஸ்ட் எழுதிய குறிப்பு, நடைக்கருவி, போடும் செருப்பு, ஸ்பிளின்ட் (கையை நீட்டிப் பிடித்து வைக்கும் தாங்கி) இருந்தால் அது, எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சுலபமாகக் கழற்றக்கூடிய சட்டை, முட்டிக்கு மேலே ஏற்றக்கூடிய கால்சட்டை போட்டுவிடுங்கள். மருத்துவர் கை, கால் ஒவ்வொரு மூட்டையும் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் நீட்டிப் பார்ப்பார். வேகமாக நீட்டும்போது மட்டும் பிடித்து நின்றால் அது தசை இறுக்கம், மருந்துக்கும் ஊசிக்கும் இளகும். மெதுவாக நீட்டியும் அசையாமல் நின்றால் தசையும் தசைநாரும் சுருங்கிக் குட்டையாகிவிட்டன. அதற்கு ஊசி பயன்படாது. முதல் நிலையை விட்டால் இரண்டாவது நிலைக்குப் போய்விடும். சீக்கிரம் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அண்ணனுக்கு முழங்கை தப்பியது. விரல்களில் இரண்டு முழுதாக நிமிராது என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று மருத்துவர் கேட்பார். "பழையபடி ஆகணும்" என்று சொன்னால் அதை வைத்து அவரால் ஒன்றும் திட்டமிட முடியாது. உள்ளங்கையைக் கழுவ வேண்டும், அந்தக் கையால் பிளேட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும், பேருந்தில் ஏற வேண்டும் என்று சொன்னால் எந்தத் தசைக்கு ஊசி, எந்தப் பயிற்சி என்று அதிலிருந்து கணக்குப் போடுவார். போவதற்கு முன் நோயாளியோடு உட்கார்ந்து மூன்றை எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் மூன்றில் முதலாவது அண்ணனே இடது கையால் கோணல் மாணலாக எழுதியது: 'நகம்'. அதைத்தான் மருத்துவர் முதலில் எடுத்துக்கொண்டார்.

தசை இறுக்கத்துக்குப் போடுவது பொட்டுலினம் டாக்சின் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்து, குறிப்பிட்ட தசைக்குள் போடுவார்கள். வேலை செய்ய ஆரம்பிக்க சில நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும், நாலைந்து வாரத்தில் உச்சத்துக்குப் போகும், ஏறக்குறைய மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். அதற்குள் மறுபடி போடமாட்டார்கள். இந்த ஊசி கைக்குப் பலம் கொடுக்காது. பிடித்து இழுக்கும் தசையைத் தளர்த்தும், அவ்வளவே. அந்த இடைவெளியில் தினமும் நீட்டல் பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் செய்தால்தான் போட்டதற்குப் பலன். ஆகவே ஊசி போடும் தேதியை வாங்கும்போதே, அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஓடி சந்திப்பும் இருக்கும்படி வாங்குங்கள். ஊசி ஒரு பக்கம், ஓடி தேதி இரண்டு மாதம் கழித்து என்று அமைந்தால் காசு வீண். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்து யூனிட் கணக்கில் வரும், கைக்கு மட்டும் பல நூறு யூனிட் ஆகலாம். எத்தனை குப்பி, ஒன்று எவ்வளவு, மெடிசேவ், மானியம் எதற்கெல்லாம் செல்லும் என்று போடும் முன் கேளுங்கள்.

மாத்திரையில் பேக்லோஃபென் அதிகம் கொடுப்பார்கள். தூக்கம் வரும், தலை சுற்றும், சிலருக்குக் காலில் இருந்த விறைப்பும் தளர்ந்து நடையே தடுமாறும். இறுகிய காலைக் கழிபோல் ஊன்றித்தான் சிலர் நிற்கிறார்கள் என்பதால் அளவு முக்கியம். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு, மனக்குழப்பம்வரை கொண்டுபோகும். ஊருக்குப் போகும்போது கூடுதலாக இரண்டு வார மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

பாதம் தரையில் இழுபட்டால் கணுக்காலுக்கு ஏஎஃப்ஓ என்ற பிளாஸ்டிக் தாங்கி செய்வார்கள். அச்சு எடுத்துச் செய்வது. கடையில் கிடைக்கும் துணிப்பட்டை அதற்கு ஈடாகாது. உள்ளே பருத்திக் காலுறை போட வேண்டும், அந்தக் காலுக்கு ஒரு அளவு பெரிய சப்பாத்து வேண்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அதைப் போடாமல் திரும்பக் கொண்டுபோய் அந்த இடத்தைச் செதுக்கிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரை நோயும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பேச்சு சிகிச்சையில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். இரண்டு மொழி பேசியவருக்கு இரண்டும் ஒரே அளவில் பாதிக்க வேண்டும் என்றில்லை. அண்ணனுக்கு ஆங்கிலத்தில் 'கப்' வராது, "தண்ணி" வரும். தமிழ் பேசும் சிகிச்சையாளர் கிடைப்பது அரிது. குடும்பத்தார் கூட உட்கார்ந்து தமிழில் எது வருகிறது என்று சொல்ல அனுமதி கேளுங்கள். வீட்டில் தினம் புழங்கும் ஐம்பது சொற்களைப் படத்தோடு எழுதிக் கொடுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச முடியாதவர் அதைச் சொல்லவும் மாட்டார். பயிற்சிக்கு வர மறுப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது, பிள்ளைகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புவது எல்லாம் சோம்பேறித்தனம் இல்லை. ரிஹேப் மருத்துவரிடம் சொன்னால் மருந்தும் ஆலோசனையும் ஏற்பாடு செய்வார்.

படிவங்கள் பற்றி. கடுமையான உடற்குறை வந்தவர்களுக்கான தேசியக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் தரும் மாதத்தொகைக்கு, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடமாட்டம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றை அடுத்தவர் உதவியில்லாமல் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும், உங்கள் வழக்கமான மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போதாது. முதல் மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. அதில் தகுதி பெறாமல் மறுபடி போனால் மருந்தகத்தில் 100 வெள்ளி, வீட்டுக்கு வந்தால் 250 வெள்ளி. தேறி வரும் நிலையில் அவசரப்பட்டு அந்த முதல் வாய்ப்பைச் செலவழிக்கலாமா என்று ரிஹேப் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் நிதி இருக்கிறது. அண்ணனைப் போல வயது குறைந்தவர்கள் உடற்குறை உள்ளவர்களுக்கான அமைப்பான எஸ்ஜி எனேபலின் உதவித் தொழில்நுட்ப நிதியைப் பார்க்க வேண்டும்: தகுதி பெற்றால் 90 விழுக்காடு வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. இரண்டுக்கும் தெரபிஸ்ட்டின் மதிப்பீடு முதலில் வேண்டும். நீங்களாக வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் கிடைக்காது. குளியலறைக் கைப்பிடிக்கு வீவகவின் ஈஸ் திட்டம் முதியோருக்கானது. வீட்டில் 65 வயதைக் கடந்த அம்மா இருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது. பணிப்பெண் வைத்திருந்தால் அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறையும். மேலே சொன்ன ஆறு காரியங்களில் ஒன்றுக்காவது உதவி தேவை என்று மருத்துவர் சான்றளித்தால் போதும். எதற்கு யாரிடம் போவது என்று குழம்பினால் 1800-650-6060 என்ற எண்ணில் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைக் கேளுங்கள்.

வாகனம் ஓட்டுகிறவர்கள் கை கால் வந்துவிட்டது என்று தாங்களாகச் சாவியை எடுக்கக் கூடாது. பார்வைப் பரப்பில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் அவர்களுக்கே தெரியாது. டான் டோக் செங்கில் ஓட்டுநர் மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; ரிஹேப் மருத்துவர் வழியாகப் போகலாம். வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கும் அவர் கொடுக்கும் கடிதம் பலன் தரும். 'இலகுவான வேலை' என்று மட்டும் எழுதாமல், எத்தனை கிலோ தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், ஏணி கூடாது, முதல் மாதம் அரை நாள் என்று எழுதச் சொன்னால் முதலாளிக்கும் என்ன வேலை கொடுப்பது என்று தெரியும். அண்ணனுக்கு அப்படித்தான் கணினியில் சரக்கு இருப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது.

நம் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பிமார்கள் விபத்தில் அடிபட்டால் வழி வேறு. வேலையிடக் காயம் என்றால் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியே மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஃபிசியோ, ஓடி, செயற்கைக் கால் எல்லாம் இதில் அடங்கும். அந்த ஓராண்டு வேகமாக ஓடிவிடும் என்பதால், காயம் ஆறட்டும் என்று காத்திராமல் அறுவை சிகிச்சை முடிந்த வாரமே ரிஹேப் மருத்துவரைக் கேட்க வேண்டும். கால், கை இழந்தவர்களுக்கு மிச்சப் பகுதியின் வீக்கம் வடிந்து அளவு நிலைக்கவே மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் நிரந்தரச் செயற்கைக் காலுக்கு அளவெடுப்பார்கள்.

நிலை ஒரு மாதிரி நின்றதும் சந்திப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகும். இடையில் இறுக்கம் திடீரென்று கூடினால் ஊசி தேய்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். உடம்பில் வேறு எங்கோ உறுத்தல் இருந்தாலும் தசை இறுகும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த கால் நகம், படுக்கைப் புண், இறுக்கமான சப்பாத்து இவற்றை முதலில் பாருங்கள். சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் அன்றே பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சோதியுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்தில் இறுக்கம் குறையாவிட்டால் ரிஹேப் கிளினிக்குக்கு அழைத்து, தேதியை முன்னுக்கு எடுக்கக் கேளுங்கள்.